மூன்று நாள் குளிரில் இருந்த பிள்ளை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்பான தாமானிலோ சுற்றியிருக்கும் தோட்டங்களிலோ ஒரு குழந்தை அழாமல் பிறந்தது என்றால், அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் ஒரு வாரத்துக்குள் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்கள், பாதியில் அழுதுவிடுவார்கள். காரணம் என் மகன். அவன் மூச்சில்லாமல் பிறந்தவன், பெரிய மருத்துவமனையில் மூன்று நாள் உடம்பைக் குளிர்வித்து வைத்திருந்தார்கள். இப்போது அவனுக்கு 11 வயது. நான் டாக்டரோ மிஸ்ஸியோ (நர்ஸோ) இல்லை, செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்க்கிறவள். ஆனால் அந்த மூன்று நாளில் என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள், அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் வருடக்கணக்கில் தேடிப் படித்தேன், பார்த்த டாக்டர்களை எல்லாம் விடாமல் கேட்டேன். தனித்தனியாக எல்லாருக்கும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

குழந்தை அழாமல் பிறந்தால் மூளைக்குக் கட்டாயம் பாதிப்பு வருமா?

இல்லை. முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே உடைந்துபோய்விடுகிறார்கள். பிறந்தவுடன் அழாத பிள்ளைகளில் பெரும்பாலோர், துண்டால் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலோ, கொஞ்ச நேரம் முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்தாலோ சரியாகிவிடுகிறார்கள். பிரச்சினை வருவது, பிரசவத்தை ஒட்டி மூளைக்குப் போகிற ரத்தமும் ஆக்சிஜனும் நெடுநேரம் குறைந்துபோனால்தான். நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிந்துவிடுவது, தொப்புள்கொடி வெளியே சரிந்து அழுந்துவது, கர்ப்பப்பை கிழிவது, தலை வந்தபிறகு தோள் மாட்டிக்கொள்வது, இப்படிப் பல வழியில் அது நடக்கலாம். டிஸ்சார்ஜ் கடிதத்தில் எச்.ஐ.இ. என்று மூன்றெழுத்துப் போட்டிருப்பார்கள், ஹைப்பாக்ஸிக் இஸ்கீமிக் என்செஃபலோபதி என்பதன் சுருக்கம் அது. வசதியான நாடுகளிலேயே ஆயிரம் பிரசவத்துக்கு 1 முதல் 3 குழந்தைகளுக்கு இது வருகிறது. ஏழை நாடுகளில் இன்னும் அதிகம்.

அப்படி வந்துவிட்டால், பிறந்த அந்த நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துபோச்சா?

ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அது உண்மையில்லை என்று தெரிந்ததால்தான் என் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறான்.

1980களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு, இப்படிப் பிறந்த குழந்தைகளின் மூளையில் எவ்வளவு சக்தி இருப்பில் இருக்கிறது என்று காந்த அலைக் கருவியால் அளந்து பார்த்தது. மூச்சு வந்து, ரத்த ஓட்டம் திரும்பியதும் மூளையின் சக்தி கிட்டத்தட்டச் சரியான அளவுக்கு ஏறிவிடுகிறது. முதல் நாள் பார்த்தால் பிள்ளை தேறிவிட்டது போல இருக்கும். அப்புறம் பல மணி நேரம் கழித்து, ஆக்சிஜன் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சக்தி மறுபடியும் இறங்குகிறது. மூளை அணுக்கள் பெருமளவு சாவது இந்த இரண்டாவது இறக்கத்தில்தான். முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி இருக்கிறது.

என் அம்மா ரப்பர் பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊற்றியதும் அது அந்த நொடியே கட்டியாகிவிடாது, கொஞ்ச நேரம் தண்ணியாகத்தான் இருக்கும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும் என்று சொல்வார். டாக்டர் இந்த இடைவெளியை விளக்கியபோது எனக்கு அம்மாவின் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது.

குளிர்விப்பதை யார் கண்டுபிடித்தது?

ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் நன்றி சொல்ல நினைக்கிற முதல் பெயர் ஆலிஸ்டர் கன். நியூஸிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், குழந்தை மருத்துவரும்கூட. அவரும் பீட்டர் குளுக்மன் உள்ளிட்ட அவரது சகாக்களும் தாயின் வயிற்றில் இருக்கும் ஆட்டுக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள். குட்டியின் மூளைக்குப் போகும் ரத்தத்தை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, திரும்ப ஓடவிட்டு, அதற்குப் பிறகு தலையை மட்டும் குளிர்வித்துப் பார்த்தார்கள்.

அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: எவ்வளவு நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் இருக்கும்? 1997இல் வந்த ஆய்வில் ஒன்றரை மணி நேரத்தில் ஆரம்பித்து மூன்று நாள் குளிர்வித்தார்கள், மூளை அணுக்களின் இழப்பு பெரிய அளவில் குறைந்தது. அடுத்த வருடம் ஐந்தரை மணி நேரம் கழித்து ஆரம்பித்தார்கள், அதாவது வலிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால். பலன் இருந்தது, ஆனால் குறைவு. 1999இல் எட்டரை மணி நேரம் கழித்து, வலிப்பு வந்தபிறகு ஆரம்பித்தார்கள். பலனே இல்லை.

மருத்துவமனையில் ஆறு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று எல்லாரும் ஓடுவதற்குப் பின்னால் இருப்பது இந்த ஆடுகள்தான். அந்த மூன்று எண்களையும் படித்த அன்று நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் பிள்ளைக்கு ஆரம்பித்தது நாலே முக்கால் மணி நேரத்தில்.

ஆட்டை வைத்துப் பார்த்ததை நம் பிள்ளைக்குச் செய்யலாமா? பாவமில்லையா?

எங்கள் மாமியார் கேட்ட கேள்வி இது. ஆட்டுக்குட்டியின் மூளை வயிற்றுக்குள்ளேயே வேகமாக வளர்ந்துவிடுகிறது, பிறப்பதற்குச் சில வாரம் முன்பே அது நிறைமாதத்து மனிதக் குழந்தையின் மூளை இருக்கும் நிலையை எட்டிவிடுகிறது. அதனால் அதில் பார்ப்பது நம் பிள்ளைக்கு ஓரளவு பொருந்தும். பாவமா என்று கேட்டால், அந்த ஆடுகளை நினைத்தால் எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆட்டோடு நிற்கவும் இல்லை. 2005இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று ஆக்லாந்து குழுவின் வழியில் வந்தது, தொப்பி போட்டுத் தலையைக் குளிர்வித்தது, 234 குழந்தைகள். மொத்தமாகப் பார்த்தபோது அதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, மூளையின் மின் அலைப் பதிவு ரொம்ப மோசமாக இல்லாத குழந்தைகளுக்குத்தான் பலன் தெரிந்தது. இன்னொன்று அமெரிக்காவில் சீதா ஷங்கரன் என்ற டாக்டர் தலைமையில் நடந்தது, முழு உடம்பையும் 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்தார்கள், 208 குழந்தைகள். சாதாரணச் சிகிச்சை பெற்றவர்களில் 62 சதவீதம் இறந்தார்கள் அல்லது நடுத்தர, கடுமையான ஊனத்தோடு இருந்தார்கள், குளிர்வித்தவர்களில் 44 சதவீதம். 2013இல் 11 ஆய்வுகளின் 1505 குழந்தைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்: ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் அதில் ஒருவர் கூடுதலாகச் சாவிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறார்.

ஏழில் ஒன்றுதானா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

குளிர் எப்படி மூளையைக் காப்பாற்றுகிறது?

அணுக்கள் சாவதற்கு ஒரு வரிசை இருக்கிறது: சக்தி தீர்வது, கால்சியம் உள்ளே புகுவது, அழற்சி, அப்புறம் அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ள ஆரம்பிப்பது. குளிர் இந்த வரிசையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் எல்லாப் படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாக்குகிறது. மூளை கேட்கும் சக்தியும் குறைகிறது, இருக்கிற இருப்பு தாங்குகிறது. 72 மணி நேரம் என்பது அந்த இரண்டாவது இறக்கம் ஓயும் வரைக்குமான நேரம். அப்புறம் மெதுவாக, மணிக்கு அரை டிகிரி கணக்கில் சூடேற்றுவார்கள், அவசரப்பட மாட்டார்கள்.

அப்படியென்றால் வழியிலேயே நாமே ஐஸ் வைத்துக் குளிர்வித்தால் என்ன?

வேண்டவே வேண்டாம். இதைக் கேட்டவர் ஒரு தாத்தா, பேரன்மேல் இருந்த ஆசையில் கேட்டார், கோபிக்க முடியவில்லை. ஆனால் அளவில்லாத குளிர் பிறந்த குழந்தையைக் கொன்றுவிடும். மருத்துவமனையில் உடம்புக்குள் வெப்பமானி வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து, இதயத்துடிப்பு, ரத்த உறைவு, சர்க்கரை எல்லாம் சோதித்துக்கொண்டே செய்கிறார்கள். அதிலும் ஏறக்குறைய நிறைமாதம் ஆன, நடுத்தரம் அல்லது கடுமையான பாதிப்பு உள்ள குழந்தைகளுக்குத்தான். குறைமாதப் பிள்ளைக்குக் குளிர் எமன், அதுக்குச் சூடுதான் உயிர்.

சென்னையில் செய்த ஆய்வில் குளிர்வித்த பிள்ளைகள்தான் அதிகம் இறந்தார்களாமே?

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் அனுப்பிய செய்தியைக் காட்டி அடிக்கடி கேட்கிறார்கள். உண்மைதான், மறைக்கக் கூடாது. லண்டன் இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த சுதின் தய்யில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலும் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்தது, 2021இல் முடிவு வந்தது. குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். ஊனமும் குறையவில்லை. காரணம் பற்றி இன்னும் விவாதம் ஓடுகிறது. அங்கே பல குழந்தைகளுக்கு அடி பிரசவ நேரத்துக்கு முன்பே, வயிற்றில் நெடுநேரமாக விழுந்திருக்கலாம், அப்படியானால் அந்த இடைவெளி பிறப்பதற்குள் போயே போயிருக்கும் என்பது ஒரு விளக்கம்.

எனக்கு இது பயத்தைவிட மரியாதையைத்தான் தந்தது. தாங்கள் நம்பிய சிகிச்சை தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவவில்லை என்பதை அப்படியே எழுதி வெளியிட்டார்களே. உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பக்கத்தில் இருக்கிற நிபுணர்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் செய்தி இல்லை.

தோட்டத்தில் இருக்கிற நமக்கு ஆறு மணி நேரத்தில் எல்லாம் நடக்குமா?

நடக்கும், ஆனால் நேரம் போவது தெரியாமல் போய்விடும். இங்கிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான், தூரத்தில் பெரிய பிரச்சினை இல்லை. எங்களுக்கு நேரம் போனது வேறு இடத்தில். மகன் பிறந்த இடத்தில் அவனுக்கு மூச்சு வந்து நிறம் திரும்பியதும், “பேபி ஓகே, பார்க்கலாம்” என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து போகவிருந்த ஒரு மிஸ்ஸிதான் அவன் தொளதொளவென்று கிடப்பதையும் கண் ஒரே பக்கம் நிலைத்திருப்பதையும் பார்த்துவிட்டு டாக்டரை மறுபடி கூப்பிட்டார். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் கூட இருக்கிற புருஷன், அம்மா, அக்கா யாராக இருந்தாலும் சொல்கிறேன்: பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், “டாக்டர், எச்.ஐ.இ. இருக்குமா, குளிர்விக்கும் சிகிச்சை தேவைப்படுமா, பெரிய மருத்துவமனையில் பேசிவிட்டீர்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. வீட்டில் திடீரென்று பிரசவமானால் 999 அழைத்துவிட்டு, பிள்ளையைத் துடைத்து, காய்ந்த துணியில் சுற்றி, அம்மாவின் மார்போடு வைத்து வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.

பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தால் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது போல வெட்டி இழுக்காது. சைக்கிள் மிதிப்பது போல காலை ஆட்டும், உதட்டைச் சப்புக்கொட்டும், கண்ணை இமைக்காமல் ஒரு பக்கம் வைத்திருக்கும், மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும். பாட்டிமார்கள் சீர் என்றும் தோஷம் என்றும் சொல்லி மந்திரிக்கக் கூப்பிடுவார்கள். கயிறு கட்டுங்கள், விபூதி பூசுங்கள், நான் தடுக்க மாட்டேன், ஆனால் காரில் போகும் வழியில் செய்யுங்கள்.

நான் செய்த தப்பா இது?

ரகசியமாக, கடைசியில், எல்லாத் தாயும் கேட்கிற கேள்வி. கிரகணத்தன்று வெளியே போனேன், பப்பாளி சாப்பிட்டேன், மாமியாரோடு சண்டை போட்டேன், கடைசி மாதம் வரை செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்கினேன், ஒழுங்காக முக்கத் தெரியவில்லை. எனக்கும் ஒரு பட்டியல் இருந்தது. என் நாத்தனார் அதில் இரண்டைச் சேர்த்துவிட்டார்.

இந்தப் பழி பழையது. லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற டாக்டர் 1860களின் தொடக்கத்தில், கைகால் இறுக்கமாக வளரும் பிள்ளைகளின் குறைக்குக் கஷ்டமான பிரசவமே காரணம் என்று எழுதினார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. 1897இல் சிக்மண்ட் ஃப்ராய்ட், ஆமாம், மனோதத்துவத்துக்குப் பேர்போன அதே ஆள்தான், ஒருவேளை குழந்தைக்கு வயிற்றிலேயே ஏதோ பிரச்சினை இருந்து அதனால்தான் பிரசவமும் கஷ்டமாகிறதோ என்று திருப்பிக் கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1986இல் கேரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பெர்க்கும் அமெரிக்காவில் பல்லாயிரம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். அதில், இப்போது செரிப்ரல் பால்சி என்று சொல்லும் இந்தக் குறை இருந்த 189 பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பிறக்கும்போது மூச்சுத்திணறல் இருந்ததற்கான அடையாளமே இருந்தது. மற்றவர்களுக்குக் காரணம் வேறெங்கோ.

நஞ்சுக்கொடி பிரிவதும் கொடி சரிவதும் முக்கத் தெரியாததால் வருவதில்லை. பப்பாளிக்கும் கிரகணத்துக்கும் இதில் வேலையே இல்லை. பிரசவித்தவளைச் சுற்றி உட்கார்ந்து காரணம் தேடுகிற சொந்தக்காரர்களே, அவளுக்கு ஒரு பிளேட் சோறு போட்டுவிட்டு எழுந்து போங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு வளர்ச்சியை எப்படிக் கவனிப்பது?

“ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் நடப்பான், இவன் அப்பனும் அப்படித்தான்” என்று காத்திருப்பதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய இழப்பு. மூளை முதல் இரண்டு வருடத்தில் வளர்வது போல அப்புறம் வளராது. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவ விஞ்ஞானி, குழந்தை மல்லாக்கப் படுத்துத் தானாகக் கைகால் அசைப்பதை மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டார்: மூன்று மாதத்தை ஒட்டி ஆரோக்கியமான பிள்ளைகளின் உடம்பில் ஒரு சின்னச் சின்ன, ஓயாத, எல்லாப் பக்கமும் நெளியும் அசைவு வரும், பின்னால் செரிப்ரல் பால்சி வரப்போகிற பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் அது காணப்படாது. இந்தப் பரிசோதனையையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே சொல்லிவிட முடியும் என்று ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் மற்ற நிபுணர்களும் 2017இல் எழுதினார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு வயது, இரண்டு வயது வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது: ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறதா, நாலு மாதம் தாண்டியும் முஷ்டியை எப்போதும் மூடியே வைத்திருக்கிறதா, ஒன்பது மாதத்திலும் உட்காரவில்லையா. இருந்தால் அடுத்த ஊசி தேதிக்காகக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய் பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள். பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்கள் நம் மாதிரிச் சின்ன ஊர்களுக்காகத்தான் இருக்கின்றன. ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுப்பதை அவமானமாக நினைக்காதீர்கள், அந்த அட்டையை வைத்துத்தான் பல உதவிகளுக்கு விண்ணப்பிக்க முடியும்.

மஞ்சள் காமாலையும் மூளையைப் பாதிக்குமா?

பாதிக்கும், முற்றவிட்டால். இது எச்.ஐ.இ. இல்லை, வேறு வழி. ஆனால் தடுக்கக்கூடியது என்பதால் எழுதுகிறேன். காமாலையில் ரத்தத்தில் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் அளவுக்கு மீறினால் மூளைக்குள் இறங்கி, காது கேளாமையையும் அசைவுக் குறைபாட்டையும் விட்டுப் போகும். நம் நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், 1980களிலிருந்து. அந்தக் குறைபாடு இருந்தால் அலமாரியில் அந்துருண்டை போட்ட துணியை எடுத்துச் சுற்றாதீர்கள், அது ரத்த அணுக்களை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்பதும் சிகிச்சை ஆகாது. மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னால் அன்றைக்கே போங்கள்.

குளிரைவிட நல்ல மருந்து வந்துவிட்டதா?

இன்னும் இல்லை. இன்னும் அதிகக் குளிர், இன்னும் அதிக நாள் என்று சீதா ஷங்கரன் குழுவே பார்த்தது, 2014இல் முடிவு வந்தது, கூடுதல் பலன் இல்லை. எரித்ரோபாய்ட்டின் மருந்தைக் குளிரோடு சேர்த்து 500 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததும் 2022இல் ஏமாற்றத்தில் முடிந்தது. ஸீனான் வாயுவும் அப்படியே. குளிர்வித்தும் சாவிலிருந்தோ ஊனத்திலிருந்தோ தப்பாத பிள்ளைகள் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறார்கள் என்பதால் ஆக்லாந்தில் உட்பட பல இடங்களில் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. இடது கை கொஞ்சம் பலம் குறைவு, சட்டைப் பட்டன் போட நேரமாகும், கணக்கில் தடுமாறுவான். தேவாரம் மனப்பாடமாகப் பாடுவான், கோழிகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவான். அவனை நேரில் பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை மாலை வாங்க, பிள்ளையின் பரிசோதனைப் புத்தகத்தையும் டிஸ்சார்ஜ் கடிதத்தையும் மறக்காமல் கையோடு எடுத்து வாங்க, டாக்டரிடம் என்னென்ன கேட்பது என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.